வா என்றாயா, இரு என்றாயா

என் கன்னக்குழி அக்காவுக்கு,

ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பெயர் ஸ்டெல்லா. அதைச் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது. ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு, அதுதான் நீ. இந்தக் கடிதத்தைத் தொடங்கும் முன்னால் அந்த ஒரு திருகைச் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எத்தனை நாளாயிற்று அக்கா, அந்த விரல் அந்த இடத்துக்குப் போய்!

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பினாங்கில் காது கேளாதோர் பள்ளியில் உனக்கு மலாய்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் தமிழில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு வரியையும் முதலில் கையால் உனக்குச் சொல்லிவிட்டு, பிறகுதான் எழுத்தில் போடுகிறேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போட வந்தவர், நான் தனியாக உட்கார்ந்து காற்றோடு பேசுவதைப் பார்த்துவிட்டு வாளியோடு உள்ளே போய்விட்டார்.

உன்னிடம் ஓர் அனுமதி கேட்க வேண்டும். நீ இருக்கிற ஒரு வீடியோவை ஊர் உலகத்துக்கெல்லாம் கொடுக்கலாமா, கூடாதா? நேராக விஷயத்துக்கு வராமல் சுற்றித்தான் வருவேன். நான் கதை சொன்னால் சுங்கை லாலாங்கில் கிளம்பி, பண்டார் பாரு வரைக்கும் போய்விட்டு, பக்கத்திலிருக்கிற பீடோங்குக்கு வந்து சேர்வேன் என்று நீ கிண்டல் பண்ணுவாயே. இன்றைக்கும் அப்படித்தான்.

நமக்குள் இரண்டு பாஷை இருந்தது. பள்ளியில் நீ கற்றுக்கொண்டு வந்தது பள்ளிக் கை. அதற்கு முன்னால், சுங்கை லாலாங் தோட்டத்து வீட்டில் நீயும் நானும் அம்மாவும் நாமாக உண்டாக்கிக்கொண்டது வீட்டுக் கை. பள்ளிக் கையை எனக்குச் சொல்லித்தர நீ எவ்வளவோ பார்த்தாய். நான்தான் பரீட்சை இருக்கிறது, வேலை இருக்கிறது என்று நழுவினேன். வீட்டுக் கையே போதும் என்று நினைத்தேன்.

வீட்டுக் கையில் 'வா' என்றால் உள்ளங்கையைத் தரை பார்க்க நீட்டி, விரல்களைத் தன் பக்கமாக மடக்குவது. 'இரு' என்றால் அதே கை, அதே உயரம், உள்ளங்கை அதே தரை பார்த்தபடி, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் மெதுவாகக் காற்றைத் தட்டுவது. நம் ஊரில் யார்தான் உள்ளங்கையை வானம் பார்க்க வைத்துக் கூப்பிடுகிறார்கள்? அப்படிக் கூப்பிட்டால் நாயைக் கூப்பிடுவதாக அம்மா திட்டுவார். விரல் மடங்குகிறதா, கை தட்டுகிறதா, அவ்வளவுதான் இரண்டுக்கும் வித்தியாசம். அசைவு தெரியாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

என் வேலையைப் பற்றி நீ கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பூசை முடிந்து சுங்கை பட்டாணியில் ரொட்டி சானாய் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். நான் பினாங்கில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பிரௌசரைத் திறந்தாலே முகம் பார்த்துப் பேசுகிற வசதியை எழுதிக்கொண்டிருந்த காலம். நீ கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் இருந்தாய். கோடெக் என்றால் என்ன என்று உன் தொழிலை வைத்தே சொன்னேன். படத்தை அப்படியே அனுப்பினால் லைன் தாங்காது. மடித்துச் சின்னதாக்கித்தான் அனுப்ப வேண்டும். வாங்குகிறவருக்கு அதே மடிப்பைப் பிரிக்கத் தெரிய வேண்டும். மடிக்கிற, பிரிக்கிற அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பேர்.

அப்போது இரண்டு முறைகள் இருந்தன. ஒன்றை மடிக்கவும் பிரிக்கவும் போன்களின் சிப்பிலேயே வசதி இருந்தது, ஆனால் அதற்குக் காசு கேட்கக் காப்புரிமைக்காரர்கள் இருந்தார்கள். மற்றது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பாதிப் போன்கள் அதற்குப் பழகியிருக்கவில்லை. எல்லா பிரௌசரிலும் கட்டாயமாக எது இருக்க வேண்டும் என்று உலகம் முழுக்க இருந்த பொறியாளர்கள் வருஷக்கணக்கில் மின்னஞ்சலில் அடித்துக்கொண்டார்கள். உன் தங்கச்சியும் அதில் ஒருத்தி. எல்லாருக்கும் பொதுவானதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

நீ எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு உன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து என் ரொட்டிமேல் போட்டு, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாய். இரண்டையும் வைத்துவிட்டுப் போங்களேன்! நான் சிரித்தேன். அது அவ்வளவு லேசான காரியம் இல்லை, உனக்குப் புரியாது என்றேன். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் இரண்டுமே கட்டாயம் என்றுதான் முடிவு பண்ணினார்கள். ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். அதற்கா இத்தனை நாள் என்று கேட்டுவிட்டு நீ பாத்திரம் கழுவப் போய்விட்டாய்.

அதைவிட உன்னைச் சிரிக்கவைத்தது அவர்கள் முடிவெடுக்கிற விதம். அந்தக் கூட்டங்களில் ஓட்டு கிடையாது. "இதற்குச் சம்மதமா?" என்று கேட்டால், சம்மதிக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். எந்தப் பக்கம் முனகல் பலமோ அந்தப் பக்கம். நான் நடித்துக் காட்டினேன். நீ என் தொண்டையில் கையை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்தாய். படத்தைப் பற்றிய முடிவைக் காதால் எடுக்கிறீர்களா என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன், அக்கா. உன்னைப்போன்றவர்கள் பேசப்போகிற படம் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த சண்டை இன்னும் சின்னது. லைன் மெலிந்துபோனால் எதை விட்டுக்கொடுப்பது? படம் தெளிவாக இருந்து விட்டுவிட்டு வரலாம். அல்லது மங்கலாக இருந்து விடாமல் அசையலாம். எங்கள் கம்பெனிச் செயலிக்கு அதை எழுதியவள் நான்தான். தெளிவே முக்கியம் என்று வைத்தேன். "முகம் மங்கினால் ஆட்கள் எரிச்சலாவார்கள், கொஞ்சம் தடுக்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறதே" என்று நான் எழுதிய வரியைப் பலரும் பாராட்டினார்கள். குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறதே! நீ பக்கத்திலிருந்து வளர்த்த தங்கச்சி எழுதிய வரி அது.

நீ புகார் பண்ணாமலில்லை. மழை நாளில் பேசினால் உன் கை பாதியில் நின்று, அடுத்த இடத்தில் திடீரென்று முளைக்கும் என்றாய். அதற்கென்று ஒரு புதுச் சைகையே உண்டாக்கினாய். ஒரு கை மணிக்கட்டை இன்னொரு கையால் குச்சியை ஒடிப்பதுபோல் ஒடிப்பது. 'கை ஒடியுது.' நான் ஜன்னலோரமாக நில், வேறு போன் வாங்கு என்றெல்லாம் சொன்னேன். சரிசெய்கிறேன் என்றும் சொன்னேன். இரண்டு வரி மாற்றினால் போதும். அதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன்.

இனி எழுதப்போவதைக் கையால் சொல்ல முயன்றேன், கை வரவில்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஐரோப்பாவில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். சிறுநீரகம்தான், போன தடவை மாதிரித் தேறிவிடுவாய் என்று நினைத்தேன். உனக்கு மத்தியானம், எனக்குக் காலை. காப்பிக் கோப்பையோடு நடைபாதையில் நின்றபோது உன் அழைப்பு வந்தது. உன் பக்கம் மழை. உன்னோடு வேலை செய்த பரமேஸ்வரி அக்கா உன் கட்டிலுக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். உன் முகம் அவ்வளவு தெளிவாக வந்தது. மூக்குக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரிகூடத் தெரிந்தது. உன் கை நீண்டது. உள்ளங்கை தரை பார்த்தது. அப்படியே படம் நின்றுவிட்டது.

திரும்ப அசைந்தபோது கை அதே இடத்தில் இருந்தது. மறுபடி நின்றது. நான் அதை 'இரு' என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் வருகிறேன் என்று விரல்விட்டுக் காட்டினேன். நீ தலையாட்டினாய். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை நீ போய்விட்டாய்.

ஊருக்கு வந்து உன்னைப் புதைத்துவிட்டு, திரும்பிப் போன முதல் நாளே அந்த இரண்டு வரியை மாற்றினேன். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. நீ வா என்றாயா, இரு என்றாயா? பதில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அன்றைக்குப் போனைப் பிடித்திருந்தவர். அவரிடம் கேட்கும் துணிச்சல்தான் எனக்கு இத்தனை வருஷமாக வரவில்லை. தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்வேன், கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்புவேன், பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

இப்போது புதிதாக ஒரு கோடெக் வந்திருக்கிறது. மறுபடியும் அதே சண்டை, ஆட்கள்தான் பாதிப்பேர் வேறு. நான் ஊருக்கே திரும்பிவந்து வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கூட்டங்களில் திரை வழியாகத்தான் உட்காருகிறேன். போன வாரம், கையால் பேசுகிறவர்களுக்கு லைன் மெலிந்தாலும் அசைவு குறையக்கூடாது, அதைச் சோதித்துப் பார்க்காமல் எதையும் தேறிவிட்டதாகச் சொல்லக்கூடாது என்று பேசினேன். எதிர்ப்பக்கத்தில் ஒருவர், கெட்டவர் இல்லை, நியாயமாகத்தான் கேட்டார்: "எதை வைத்துச் சோதிப்பது? நம்மிடமுள்ள மாதிரி வீடியோக்களில் அப்படி ஒன்றுமே இல்லையே?"

உண்மைதான். மேசை முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர் இருக்கிறார், ஓடுகிற தண்ணீர் இருக்கிறது, பூங்காவில் நடக்கிற கூட்டம் இருக்கிறது. கை பேசுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. "என்னிடம் ஒன்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

உனக்குத் தெரிந்ததுதான் அந்த வீடியோ. உன் வாடகை அறையில், சமையல் மேடைப் பக்கத்தில் நிற்கிறாய். கையில் தோசைமாவு. நேரடி அழைப்பில் கை ஒடிகிறதே என்று சலித்துப்போய், பரமேஸ்வரி அக்காவைவிட்டுப் படம்பிடித்து எனக்கு அனுப்பியது. அதனால் அதில் ஓர் அசைவும் விட்டுப்போகவில்லை. வா. வந்து பசியாறு. அம்மா கல்லறைக்குப் போகணும், மழைக்கு முன்னால வா. மூன்று தடவை 'வா' வருகிறது. அதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கேட்காதே.

அதில் பரமேஸ்வரி அக்காவின் குரலும் இருக்கிறதே, அவரையும் கேட்க வேண்டுமல்லவா? மெர்போக்குக்குப் போனேன். தொழிற்சாலையை விட்டுவிட்டு இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். முட்டிவலி, ஆனால் வாய் அப்படியே இருக்கிறது. போனை வாங்கிப் பார்த்தார். "பேசுலா ஸ்டெல்லா, எடுத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று உள்ளிருந்து அவர் குரலே வந்ததும் சிரித்துவிட்டார்.

"காது கேக்காதவகிட்ட கத்திக்கிட்டு இருந்திருக்கேன் பாரு" என்றார். பிறகு உன் கையைக் காட்டினார். "இந்த வாவத்தானே ஓஸ்பிட்டல்லயும் சொன்னா."

நான் வீடியோவை நிறுத்தினேன். "எப்பக்கா?"

"அன்னைக்குத்தான். ஹேன்போன நாந்தானே புடிச்சிருந்தேன்."

"எனக்கு இருன்னு தெரிஞ்சிச்சேக்கா."

"மொதல்ல வான்னுதாம்மா சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நீ என்னமோ வெள்ளிக்கிழமன்னு வெரல்விட்டுக் காட்டுன. அவ ஒன்னையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சரின்னு தலையாட்டிட்டு, இருன்னா. இப்புடி." அவர் கை காற்றில் மெதுவாகத் தட்டியது. "ரெண்டுந்தான் சொன்னா, லா. நீ எதப் பாத்த?"

எனக்குத் தெரியவில்லை, அக்கா. நான் வெள்ளிக்கிழமை என்று காட்டியதற்கு முன்னால் வந்தது உன் 'வா'தான். அது விரல் மடங்காமல் வந்து சேர்ந்தது. நீ பிறகு சொன்ன 'இரு' வந்ததா இல்லையா என்றுகூட நினைவில்லை. உன் தலையாட்டலைப் பார்த்ததுமே நான் காப்பியைக் குடிக்கத் தொடங்கியிருப்பேன்.

"ஏங்கா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கல. நானா எப்புடிம்மா சொல்றது? அவளே ஒன்ன இருன்னு விட்டுட்டா. நான் யாரு, அதப் போயி கெளர்றதுக்கு?"

அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். "குடு அந்த வீடியோவ. அவ கைய நாலு பேரு பாக்கட்டும்" என்றார்.

ஆனால் கை உன்னுடையது. நீ என்ன சொல்வாய்? நல்ல சட்டை போட்டிருந்திருப்பேனே என்பாயா? மாவுக் கையோடு உலகத்துக்கு முன்னால் நிறுத்துகிறாயா என்று முதுகில் ஒன்று வைப்பாயா? கொடுத்தால், முகம் தெரியாத ஊர்களில் எத்தனையோ பேர் உன்னை மடித்து, அனுப்பி, பிரித்துப் பார்ப்பார்கள். லைனை வேண்டுமென்றே மெலியவைத்து, உன் விரல் எந்த இடத்தில் ஒடிகிறது என்று பார்ப்பார்கள். ஒடியாமல் வருகிறவரைக்கும் மறுபடி மறுபடி பார்ப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு வலிக்கவும் செய்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

வீடியோவோடு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். என்ன மொழி என்று ஒரு கட்டம் இருந்தது. 'வீட்டுக் கை, சுங்கை லாலாங் தோட்டம்' என்று எழுதினேன். அம்மாவும் போய், நீயும் போய், அதில் பேச எனக்கு இப்போது யாருமில்லை, அக்கா. எனக்கு நீ வேண்டும். வாய் மூடி, கையால், ஒரு மணி நேரம் உன்னோடு சண்டை போட வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. கூட்டங்கள் திரைக்கு வந்த பிறகு முனகல் போய்விட்டது. இப்போதெல்லாம் சம்மதமென்றால் ஒரு பட்டனைத் தட்டிக் கையைத் தூக்க வேண்டும். கையால் பேசுகிறவர்களின் வீடியோவையும் சோதனையில் சேர்ப்பதா என்று கேட்டபோது திரையில் ஒவ்வொரு கையாக எழும்பியது. வேண்டாமென்றவர்களும் இருந்தார்கள். எழுந்த கைகள்தான் அதிகம். நீ அந்த நேரம் என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் செவ்வந்தியும் வாங்கி வைத்திருக்கிறேன். உன் கல்லுக்கு முன்னால் நின்று இந்தக் கடிதம் முழுவதையும் கையால் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வீடியோவை அனுப்பிவிடுவேன். வேண்டாமென்றால் இன்றைக்கே கனவிலாவது வந்து திட்டிவிட்டுப் போ. வந்தால் போதும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனிமேல் எனக்குப் பிரியமானவர்கள் யார் உள்ளங்கையைத் தரை பார்க்க நீட்டினாலும், படம் அப்படியே நின்றுபோனாலும், அதை 'வா' என்றுதான் எடுத்துக்கொள்வேன். இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன். அவர்கள் சொன்னது 'இரு' என்றால் என்ன, பசியாறிவிட்டுத் திரும்பிப் போகிறேன்.

இடது புருவத்தில் இரண்டு தட்டு தட்டி நீ கூப்பிடுகிற,
உன் தங்கச்சி ரீத்தா